மூன்று முறை அறுந்த சாரணி

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். அம்மாவின் வீணை, பதினைந்து வருடமாக உறை பிரிக்காமல் சேலத்து வீட்டில் இருந்தது, அதை ஏற்காட்டுக்கு எடுத்து வந்து இரண்டு மாதத்துக்குள் சாரணி, அதாவது பாட்டை வாசிக்கும் முதல் கம்பி, மூன்று முறை அறுந்துவிட்டது. முதல் முறை ராத்திரியில், உறைக்குள்ளேயே, யாரும் தொடாமல். கீழே கடையில் புதுக்கம்பி மாட்டி வந்தீர்கள், அது வாசித்துக்கொண்டிருக்கும்போது போனது. மூன்றாவதைக் கடைக்காரர் மாட்டி, பஸ்ஸில் போகிறது என்பதால் தளர்த்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போனில் ஆப்பை வைத்துச் சுருதி கூட்டினீர்கள். ‘ஈ’ (ஆங்கில E) என்று ஒருமுறை பச்சை காட்டியது, ஆனால் காதுக்கு ரொம்பத் தணிந்து கேட்டதால் மேலே திருகினீர்கள், மறுபடி ‘ஈ’ வருவதற்குள் பட்டென்று அறுந்தது. ஒவ்வொரு தடவையும் மலை இறங்க முடியாது, நானே மாற்றக் கற்றுக்கொள்ளலாமா, கடைக்காரர் சொல்கிறபடி தடித்த கம்பி போடலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் ‘வீணைக்கே ஏதாவது கோளாறா’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

கற்றுக்கொள்ளலாம். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும், நான்காவது தடவை பத்து நிமிடத்தில் முடியும். என்னிடம் வரும் பத்து வயசுப் பிள்ளைகளே தாளக்கம்பி (பக்கவாட்டில் தாளத்துக்கு மீட்டும் மூன்று கம்பிகள்) மாட்டுகிறார்கள். கம்பி மாட்டுவது கைப்பழக்கம், அவ்வளவுதான். ஆனால் ஏன் அறுந்தது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டே இருந்தால் கம்பிக்குத்தான் காசு போகும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சேலத்தில் வீணை சொல்லித்தர ஆரம்பித்து 26 வருடம் ஆகிறது. அதற்கு முன்னாலேயே எனக்குக் கம்பி தெரியும், ஏனென்றால் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளியைக் கம்பியச்சில் கொடுத்து இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள், இரண்டு மூன்று கண் தாண்டியதும் கம்பி விறைத்துப்போகும், உடனே நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி இழுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நான் பன்னிரண்டு வயதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வீணைக் கம்பியின் நுனி விறைப்பாக இருந்து வளைய மாட்டேன் என்றதால் பூஜை அறை விளக்கில் காட்டினேன். சிவந்தது, ஆறியதும் நூல் மாதிரி வளைந்தது, நுனியில் வளையமாக அழகான கண்ணி விழுந்தது. மாட்டிச் சுருதிக்கு வருவதற்கு முன்பே அந்தக் கண்ணிக்கு அரை அங்குலம் தள்ளி இழுபட்டு அறுந்தது. அப்பா துண்டை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “வெள்ளிக்கு நெருப்பு சோறு, எஃகுக்கு நெருப்பு எமன்.” எஃகுக் கம்பியின் பலமே அதைக் குளிர்நிலையில் இழுத்து விறைப்பாக்கியதில்தான் இருக்கிறது, சூடு காட்டினால் அது போய்விடும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், நுனியை மெழுகுவத்தியில் காட்டி வளைக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. வேண்டாம்.

அப்பாவிடம் கற்ற இன்னொன்று, அறுந்த துண்டைத் தூக்கிப் போடாமல் இருப்பது. பட்டறையில் கம்பி அறுந்தால் முதலில் நுனியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் அடுத்த வேலை. வீணைக்கும் அதுதான் வழி. லங்கர் (வீணையின் குடத்துப் பக்கம் கம்பி நுனியை மாட்டிச் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் இடம்) பக்கத்துத் துண்டை இருந்த இடத்திலேயே நீட்டிப் பிடித்தால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும், அந்த இடமே பாதிக் காரணத்தைச் சொல்லும். லங்கரில் மாட்டும் கண்ணி முறுக்கிலேயே அறுந்திருந்தால் முறுக்கியவர் கையில் தப்பு, பெரும்பாலும் பிளேயரால் கம்பியைக் கடித்திருப்பார். குதிரையின் மேல், அதாவது குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டையில், அறுந்திருந்தால் குதிரை மேலுள்ள வெண்கலத் தகட்டில் கம்பி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது தகட்டின் விளிம்பு கூராக இருக்கலாம். நடுவில் எங்காவது ஒரு மெட்டுக்கு (விரல் வைத்து அழுத்தும் உலோகப் பட்டைக்கு) நேராக அறுந்திருந்தால் அந்த மெட்டைப் பாருங்கள், அதிகம் இழுத்து வாசிக்கும் இடத்தில் பித்தளை தேய்ந்து வரி விழுந்திருக்கும். மேருவில், மெட்டுகள் முடியும் மறுமுனையில் கம்பி ஏறிப் போகும் தடுப்பில், அறுந்தால் அங்குள்ள வெட்டு கம்பிக்குக் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம், பென்சில் முனையை அந்த வெட்டில் நாலு தடவை தேய்த்துக் கரியைப் பூசினால் பல நேரம் அதுவே போதும். பிருடையில் (கம்பியைச் சுற்றித் திருகும் முளையில்) அறுந்தால் துளையருகே கம்பி மடிந்திருக்கிறது, அல்லது சுற்று மேல் சுற்று ஏறி நசுங்கியிருக்கிறது.

சரி, உங்கள் மூன்றுக்கும் வருகிறேன். மூன்றாவதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ‘ஈ’ என்று முதலில் பச்சை வந்ததே, அதுதான் உங்கள் சாரணியின் ச. நம் சுருதிக் கணக்கில் மூன்று கட்டை. அதைத் தாண்டி அடுத்த ‘ஈ’யை நோக்கிப் போனீர்கள், அது ஏழு சுரம் மேலே உள்ள தாரஸ்தாயி ச. சுருதி இரட்டிப்பானால் இழுவிசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். சாதாரண சாரணிக் கம்பி மூன்று கட்டையில் நிற்கும்போது அதில் நாலைந்து கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவுக்கு இழுவை இருக்கும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் பதினாறு கிலோவைத் தாண்டும், அவ்வளவு மெல்லிய எஃகு தாங்கும் எல்லையே அங்கேதான் இருக்கிறது. கம்பி மேலும் குற்றமில்லை, வீணை மேலும் குற்றமில்லை. ஆப்பில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண் தெரியும். உங்கள் சுருதிக்குச் சாரணி ‘ஈ’ 3, அடுத்த மூன்று கம்பிகளில் பஞ்சமம் ‘பி’ 2, மந்தரம் ‘ஈ’ 2, அனுமந்தரம் ‘பி’ 1. எழுத்தோடு எண்ணையும் பாருங்கள்.

ஆப் இல்லாமலே சரிபார்க்கவும் வழி உண்டு, நான் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்வது. தாளக்கம்பிகளில் ஒன்றான பக்கசாரணிக்கும் சாரணிக்கும் ஒரே ச. பக்கசாரணியை மீட்டிவிட்டுச் சாரணியை அதற்குக் கொண்டுவரலாம். பஞ்சமத்தை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் வருவதும் அதே ச. இந்த இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால் நீங்கள் தப்பான ஸ்தாயியில் இருக்க வாய்ப்பில்லை. தணிந்து கேட்கிறதே என்று பயப்படாதீர்கள், வீணை தணிந்த வாத்தியம்தான், நீங்கள் கேட்ட ஒலிப்பதிவுகளில் ஒருவேளை மேல் மெட்டுகளில் வாசித்திருப்பார்கள்.

முதல் அறுப்பு பெரும்பாலும் துருதான். பதினைந்து வருடம் பழைய கம்பி, அதை ஏற்காட்டு ஈரத்துக்குக் கொண்டுபோய் உறைக்குள் மூடி வைத்திருக்கிறீர்கள். துரு எஃகை ஒரே சீராகத் தின்னாது, சின்னச் சின்னக் குழியாகத் தின்னும், ஒரு குழி ஆழமானால் போதும். பக்கத்துக் கம்பியின் அடிப்பக்கத்தை, மெட்டைப் பார்த்த பக்கத்தை, நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டினால் அதுவும் கிளம்பத் தயாராக இருக்கிறது. மேலே பளபளவென்று இருப்பதை நம்ப வேண்டாம், விரல் படும் பக்கம் தேய்ந்து மினுங்கும், அடியில் துரு உட்கார்ந்திருக்கும். இதைப் ‘பெரும்பாலும்’ என்று சொல்வது ஏனென்றால் துண்டை நான் பார்க்கவில்லை. துருவால் அறுந்த நுனி மங்கலாக, பழுப்பாக இருக்கும், இழுபட்டு அறுந்த நுனி ஊசி மாதிரி மெலிந்து பளிச்சென்று இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்கும் குழப்பம். புதுக்கம்பி, சரியான சுருதி, வாசிக்கும்போது அறுந்தது, குதிரைப் பக்கம் என்று நினைவு என்கிறீர்கள். தகட்டில் பள்ளமா, மாட்டியவர் கம்பியை மடக்கிவிட்டாரா, இரண்டில் எதுவும் இருக்கலாம். வாசிக்கும்போது கமகத்துக்காகக் கம்பியை இழுக்கிறோமே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே மெட்டில் ச வைத்து ம வரை இழுத்தால் அந்த நேரத்தில் இழுவிசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு, ப வரை இழுத்தால் 2.25 மடங்கு. நல்ல கம்பிக்கு இது தூசு. எங்காவது ஒரு கீறல், ஒரு மடிப்பு இருந்தால் அந்த இழுப்பில்தான் வெளிப்படும். தகட்டைச் சோதிக்க, தளர்த்திய சாரணியைச் சற்றே ஓரமாக நகர்த்திவிட்டு, டார்ச்சைப் படுக்கைவசமாகப் பிடித்துத் தகட்டின் மேல் ஒளியை ஓடவிடுங்கள், பள்ளம் இருந்தால் நிழல் கோடாகத் தெரியும். தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அரத்தையோ உப்புத்தாளையோ எடுத்துத் தேய்க்க வேண்டாம். வீணையின் நாதம் அந்தத் தகட்டின் லேசான வளைவில்தான் பிறக்கிறது, இரண்டு தேய்ப்பு அதிகமானால் கம்பி ‘ங்’ என்று அமுங்கும் அல்லது ‘சர்ர்’ என்று கரகரக்கும். 26 வருடம் வீணையோடு இருக்கிறேன், ஆனால் தகட்டையும் மெட்டையும் நான் தொடுவதில்லை. அது ஆசாரி வேலை. மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுரத்துக்குப் பதிக்க, தெரிந்தவர் யாராவது உங்கள் பக்கம் வருகிறாரா என்று வீணை வாசிப்பவர்களிடம் விசாரியுங்கள், இல்லையென்றால் எப்போதாவது தஞ்சாவூர் போகும்போது எடுத்துப் போங்கள், பலா மரத்தில் வீணை செய்யும் கைகள் இன்னும் அங்கேதான் அதிகம். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி அந்தத் தடித்த கம்பி யோசனை. கடைக்காரர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள், கேட்க நியாயமாகவும் இருக்கிறது, ஆனால் தப்பு. கம்பி தடித்தால் அதே சுருதிக்கு வர அதை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் இழுவையும் கூடும். ஆக, கம்பியின் ஒவ்வொரு நூலிழைக்கும் கிடைக்கும் பாரம் அதேதான், ஒரு பயனும் இல்லை. கம்பிக்கு எண் போட்டு விற்பார்கள், எண் கூடக்கூடக் கம்பி மெலியும், இதில் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கி வருபவர்கள் நிறைய. 30ஆம் எண் 0.315 மி.மீ., 28ஆம் எண் 0.376 மி.மீ. முப்பதுக்குப் பதில் இருபத்தெட்டைச் சாரணியில் போட்டால் இழுவை நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுகிறது. அந்தக் கூடுதல் பாரம் குதிரை மேலும், மேரு மேலும், உங்கள் இடது கை விரல் மேலும்தான் இறங்கும். பதினைந்து வருடம் சும்மா இருந்த வீணைக்கு அது வேண்டாத வேலை. அம்மா போட்டிருந்த அளவு என்ன என்று பழைய துண்டை எடுத்துப்போய் அளந்து அதையே வாங்குங்கள். நகைக்கடையிலோ கொலுசுப் பட்டறையிலோ கம்பி அளக்கும் கருவி இருக்கும், கேட்டால் அளந்து தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

வீணைக் கம்பி கிடைக்காவிட்டால் கித்தார் கம்பி ஆகுமா என்று இன்னொரு வரி கேட்டிருந்தீர்கள். சுற்றில்லாத வெறும் எஃகுக் கம்பியாக இருந்தால் ஆகும். அதில் அங்குலக் கணக்கு. 12 என்று போட்டிருந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.305 மி.மீ., சாரணிக்குக் கிட்டத்தட்டச் சரி. நீளத்தை மட்டும் அளந்துவிட்டு வாங்குங்கள், கித்தாரைவிட வீணை நீளம், லங்கரிலிருந்து பிருடை வரை வந்து சுற்றவும் மிஞ்ச வேண்டும். ஹார்டுவேர் கடைக் கட்டுக்கம்பி எந்த அவசரத்துக்கும் உதவாது. ‘நம்ம ஊர் இரும்பாலையிலேயே கம்பி கிடைக்காதா மிஸ்’ என்று கேட்காத பிள்ளை கிடையாது. அங்கே செய்வது துருப்பிடிக்காத எஃகுத் தகடு.

இப்போது மாட்டும் முறை. பாயை விரித்து அதன் மேல் வெளிர்நிற வேட்டி ஒன்றைப் போடுங்கள், வெட்டி விழும் துண்டு அதில் கண்ணுக்குத் தெரியும். குடம் வலது கைப்பக்கம் வரும்படி வீணையை வையுங்கள். மற்ற கம்பிகளைக் கழற்றக் கூடாது. குதிரை அந்த இடத்தில் நிற்பதே கம்பிகள் அமுக்கும் அமுக்கத்தில்தான், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது சாய்ந்துவிடும், திரும்ப வைக்கும்போது இடம் ஒரு நூல் மாறினாலும் எல்லா மெட்டும் அபசுரம் பேசும். எதற்கும் இருக்கட்டும் என்று குதிரையின் நாலு ஓரத்திலும் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துவிடுங்கள். பழைய துண்டுகளை லங்கரிலிருந்தும் பிருடையிலிருந்தும் எடுத்து ஓரமாக வையுங்கள், எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று போனில் ஒரு படம்.

கம்பிச் சுருளைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு எங்காவது ஒரு முடிச்சுச் சுருக்கு விழும். அந்தச் சுருக்கை நிமிர்த்திவிடலாம், மாட்டிவிடலாம், ஆனால் நாளைக்கு அறுவது அங்கேதான். சுருளைக் கையில் சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டே விடுங்கள். லங்கரிலிருந்து பிருடை வரை நீட்டி, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டும்போது இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துண்டு பறக்கும்.

கண்ணி போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு மெல்லிய ஆணியைச் சுற்றிக் கம்பி நுனியை மூன்று அங்குலம் மடக்குங்கள். இப்போது ஆணியிலிருந்து இரண்டு கால் கிளம்புகின்றன, ஒன்று நீளம், ஒன்று குட்டை. புதிதாகச் செய்பவர்கள் குட்டைக் காலை நீளக் காலின் மேல் சுற்றுவார்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் வழுக்கும். இரண்டு காலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள வேண்டும், பூக்கட்டும் நாரைத் தொடையில் வைத்துத் திரிப்போமே அதுபோல இரண்டுக்கும் சமமாக முறுக்கு ஏற வேண்டும். இரண்டு காலையும் ‘வி’ போல அகட்டிப் பிடித்துக்கொண்டு ஆணியைச் சுற்றுங்கள், ஏழெட்டு முறுக்கு தானாக ஒரே சீராக விழும். அப்புறம் குட்டைக் காலை நேர்க்குறுக்காக மடக்கி, நீளக் காலின் மேல் நெருக்கமாக நாலு சுற்று. முதலில் சொன்னது பிடிமானம், இது பூட்டு. மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், அந்த நுனியில்தான் நாளைக்குக் கை கீறும். பிளேயரால் ஆணியைப் பிடியுங்கள், கம்பியைப் பிடிக்காதீர்கள். பிளேயர் பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாத வெட்டு. முதலில் இதைப் பழைய கம்பியில் நாலைந்து தடவை செய்து பாருங்கள், ஐந்தாவது கண்ணி ஒழுங்காக வரும்.

கண்ணியை லங்கரில் மாட்டுவதற்கு முன் லங்கரை நடுவில் நிறுத்துங்கள். பழைய வீணையில் நகர்த்தும் வளையமாக இருக்கும், புதுசில் திருகு. எதுவானாலும் பின்னால் நுணுக்கமாக ஏற்றவும் இறக்கவும் இரண்டு பக்கமும் இடம் வேண்டும். கம்பியைக் குதிரைத் தகட்டில் அதன் இடத்தில் வைத்து, மெட்டுகளின் மேல் கொண்டுபோய், மேருவின் வெட்டில் உட்காரவைத்து, பிருடைத் துளையில் நுழையுங்கள். தளர்வாக ஒரு நாலு விரல்கடை விட்டுச் சுற்ற ஆரம்பித்தால் நாலைந்து சுற்று வரும், அது போதும். ஒரு கை பிருடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருக, மற்றக் கை கம்பியை லேசாகத் தூக்கி விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். பிடியை விட்டால் மேருவிலிருந்து வழுக்கும், குதிரையில் இடம் மாறும், சுற்றுகள் குழம்பும். இந்த இடத்தில் மூன்றாவது கை இருந்தால் நன்றாக இருக்கும், வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

ஒரே மூச்சில் சுருதிக்கு ஏற்றாதீர்கள். நாலு சுரம் கீழே நிறுத்தி, கட்டைவிரலால் கம்பியை நீளவாக்கில் அங்கங்கே மெதுவாக அமுக்கி இழுத்துவிடுங்கள். கண்ணி இறுகும், சுற்று இறுகும், சுருதி சர்ரென்று இறங்கும். மறுபடி ஏற்றுங்கள், மறுபடி அமுக்குங்கள், மூன்று நாலு தடவையில் நிற்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், கம்பி மோசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முகத்தைக் கம்பிக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு திருகாதீர்கள். மூக்குக்கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த கம்பி சாட்டை மாதிரி வரும், கையில் பட்டால் கோடு விழும், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. வெட்டிய துண்டுகளை எண்ணி எடுத்து ஏதாவது மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். எங்கள் வீட்டுப் பாயில் ஒளிந்திருந்த கால் அங்குலத் துண்டு ஒன்று, நவராத்திரிக்குச் சுண்டல் வாங்க வந்த ஒரு அத்தையின் குதிகாலில் ஏறியது. அவர்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில்தான் உட்காருவார்கள்.

மந்தரம், அனுமந்தரம் இரண்டும் வேறு ஜாதி. இப்போது வருபவை பெரும்பாலும் உள்ளே எஃகு, மேலே சுற்று. இவை அறுவது அபூர்வம், அதற்கு முன்பே நாதம் மங்கிவிடும். மாற்றும்போது ஒன்றே ஒன்று, வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியைச் சட்டென்று மடக்கிவிட்டு அதற்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே நழுவிக் கழன்று, புதுக்கம்பி அன்றைக்கே செத்த சத்தம் கொடுக்கும். தாளக்கம்பி மூன்றுக்கும் சாரணிக்குச் சொன்னதே போதும்.

கடைசியாக உங்கள் ஊர். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றே மாறிவிடுகிறது, மரத்துக்கு அது தெரியும். கீழே சித்திரை வெயிலில் பிருடை சுருங்கி வழுக்கும், அதற்குச் சாக்பீஸ் பொடி. மேலே ஐப்பசி மழையில் அதே பிருடை ஊறி இறுகிக்கொள்ளும், அதற்குப் பிளேயர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு மூன்று நாள் உலர்ந்த அறையில் வைத்தால் தானாக விடும். பஸ்ஸிலோ காரிலோ எடுத்துப் போகும்போது எல்லாக் கம்பியையும் இரண்டு மூன்று சுரம் இறக்கிக்கொள்ளுங்கள், இறக்கிய சுருதியிலேயே குதிரை நிற்கும். மலையிலிருந்து கீழே கொண்டுவந்தால் வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போய்விடாதீர்கள். மெட்டுகள் உட்கார்ந்திருப்பது கறுப்பு மெழுகில், அது இளகினால் 24 மெட்டும் அமிழ்ந்து சாய்ந்துவிடும், அதற்கு முன்னால் சாரணி அறுந்ததெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியில் விட்டு, மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு இழுப்பு இழுங்கள், மேலே துடைப்பதைவிட இதுதான் முக்கியம். மூடுபனி நாட்களில் உறைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடாமல், சுவரை ஒட்டாமல், மேலே ஒரு துணியைப் போர்த்தி வெளியிலேயே வைக்கலாம். விரலுக்கு எண்ணெய் தொட்டுக்கொள்கிறவரானால், மார்கழியில் அங்கே தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், சூடுபடுத்திக் கொட்டாதீர்கள், உள்ளங்கையில் தேய்த்தாலே இளகும். எஃகுக் கம்பிகளை நான் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறேன், அறுந்தாலும் அறாவிட்டாலும். நீங்கள் ஏற்காட்டில் அதையே மூன்றாக வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு மீதியிருக்கும் பழைய பஞ்சமத்தையும் தாளக்கம்பிகளையும் இந்த மாதமே ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள், சாரணியின் வயதுதான் அவற்றுக்கும்.

‘வீணைக்கே கோளாறா’ என்பதற்கு, நீங்கள் எழுதியதை வைத்து என் பதில், மூன்றில் இரண்டுக்கு இல்லை. இரண்டாவது அறுப்புக்கு மட்டும் குதிரைத் தகட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கம்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றீர்கள், அது போகட்டும். இரண்டாவது துண்டு உறையின் பையில் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். கிடைத்தால் கண்ணி இருக்கும் பக்கத்துத் துண்டை லங்கரில் மாட்டி நீட்டி, நுனி எங்கே வருகிறது என்று குதிரையோடு சேர்த்து ஒரு படம், நுனியை மட்டும் கிட்டத்தில் ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.